எல்லாப் பொதிக்கும் ஒரே இலக்கம்

ஐந்து நட்சத்திரம் போட்டு எங்களைப் பாராட்டியிருந்ததைப் படித்தபோதுதான் பிழை நடந்திருப்பது எனக்குத் தெரிந்தது. எழுதியவர் கொழும்பில் இருக்கும் ஓர் அம்மா. கூனி இறால் வாசம் வீட்டையே தூக்குகிறது, ஊருக்கு வந்துபோன மாதிரி இருக்கிறது என்று எழுதி, எங்கள் பொதியின் படத்தையும் போட்டிருந்தார். அவர் வாங்கக் கேட்டிருந்தது கூனி சேர்க்காத தூள்.

நானும் மச்சாளும் சேர்ந்து கறித்தூள் செய்து விற்கிறோம். மச்சாள் என் மாமாவின் மகள், என்னைவிட ஆறு வயது மூத்தவள். பெரியகல்லாற்றில் எங்கள் வளவிலிருந்து இரண்டு வளவு தள்ளி இருக்கிறாள். எங்களிடம் இரண்டு வகைத் தூள் உண்டு. ஒன்று மல்லி, செத்தல் மிளகாய், மிளகு, சீரகம், கறிவேப்பிலை எல்லாவற்றையும் வறுத்து அரைக்கும் சாதாரணத் தூள். மற்றது அதனோடு, வாவியில் பிடித்துக் காயவைத்த கூனி இறாலையும் வறுத்துச் சேர்ப்பது. இரண்டிலும் நூறு கிராம், இருநூற்றைம்பது கிராம் என்று இரண்டு அளவுகள். நான்கும் ஒரே மண்ணிறப் பொதியில்தான் போகும். லேபலில் ஒரு வரி மட்டும் மாறும்.

ஊர்க் கடைகளுக்குக் கொடுத்த காலத்தில் இலக்கம் எதுவும் தேவைப்படவில்லை. கடைக்காரர் பொதியைக் கையில் எடுத்து நாங்கள் சொல்வதைக் கேட்டுத் தட்டில் வேறுவேறாக அடுக்கிவிடுவார். மகள் பிறந்த பிறகு என்னால் பஸ் ஏறிக் கடை கடையாகத் திரிய முடியவில்லை. அதனால்தான் இணையத்தில் விற்கும் ஒரு கடையோடு பேசினேன். பட்டினத்தில் அவர்களுக்கு ஒரு களஞ்சியம் இருக்கிறது. பொருட்களை அங்கே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டால், ஆர்டர் வரும்போது அவர்களே எடுத்துக் கட்டி அனுப்புவார்கள். பார்கோட் இல்லாத பொருளை எடுப்பதில்லை என்று மட்டும் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள்.

மகளுக்கு அப்போது ஒன்பது மாதம். அவளை மடியில் போட்டுக்கொண்டு கைபேசியில் தேடித் தேடிப் படித்தேன். கறுப்புக் கோடுகள் தனியாக ஒன்றும் சொல்வதில்லை, கீழே இருக்கும் பதின்மூன்று இலக்கங்களைத்தான் இயந்திரத்துக்குப் புரியும்படி வரைந்திருக்கிறார்கள் என்று தெரிந்துகொண்டேன். அதில் விலை இல்லை, திகதி இல்லை. 479 என்று தொடங்கினால் இந்த நாட்டில் பதிந்தது. அதற்கு அடுத்தவை பதிந்தவருடைய இலக்கம், அதற்குப் பின்னால் வருவது எந்தப் பொருள் என்பது. கடைசி இலக்கம் ஒரு கணக்கு. ஒற்றை இடங்களில் உள்ளவற்றைக் கூட்ட வேண்டும். இரட்டை இடங்களில் உள்ளவற்றைக் கூட்டி மூன்றால் பெருக்க வேண்டும். இரண்டையும் சேர்த்து, அடுத்த பத்துக்கு எவ்வளவு குறைகிறதோ அதுதான் கடைசி இலக்கம். எங்காவது ஓர் இலக்கம் பிழைத்தாலும் கணக்கு ஒத்து வராது. அடுப்பு அணைத்தேனா என்று பஸ் தரிப்பிடத்திலிருந்து திரும்பி ஓடுகிறவள் நான். தன்னைத் தானே சரிபார்க்கும் ஓர் இலக்கத்தைக் கண்டதும் மனதுக்கு ஆறுதலாக இருந்தது.

கொழும்பில் இந்த இலக்கங்களைப் பதிந்து தரும் நிறுவனத்துக்குப் பணம் கட்டி விண்ணப்பித்தேன். பத்துப் பொருட்களுக்கு இலக்கம் தருவதாகச் சொன்னார்கள். பொருட்களின் விபரம் எழுதப் பத்து வரியில் ஓர் அட்டவணை அனுப்பினார்கள். முதல் வரியில் ‘கறித்தூள்’ என்று எழுதினேன். மற்ற ஒன்பது வரிகளையும் வெறுமையாக விட்டேன். இணையக் கடையிலும் கறித்தூள் என்று ஒரே பொருளாகப் பதிந்து, வாங்குகிறவர் கூனியையும் அளவையும் தெரிவு செய்யும்படி விட்டேன். நான்கு பொதிக்கும் அந்த ஒரே இலக்கம்.

படித்த எனக்கு ஏன் இது பிழையாகப் படவில்லை என்று பலமுறை யோசித்துவிட்டேன். சுனாமிக்குப் பிறகு நாங்கள் பள்ளிக்கூட முகாமில் இருந்தோம். நான் அப்போது மூன்றாம் வகுப்பு. கிராம சேவகர் பதிந்து தந்த குடும்ப அட்டையை அம்மா பொலித்தீனில் சுற்றி இடுப்பில் செருகி வைத்திருப்பா. அப்பா, அம்மா, பிள்ளைகள் மூவர், ஐந்து பேருக்கும் ஓர் இலக்கம். அந்த இலக்கத்தைக் கூப்பிட்டால் யார் போனாலும் எல்லாருக்குமான அரிசியும் பருப்பும் சவர்க்காரமும் வாங்கி வரலாம். ஒரு வீட்டார் இரண்டாவதாக இன்னோர் அட்டை பதிந்திருந்தார்கள் என்று தெரியவந்தபோது முகாமே அவர்களைப் பார்த்த பார்வை எனக்கு இப்போதும் தெரியும். ஒரு வீட்டுக்கு இரண்டு இலக்கம் என்றால் கள்ளம் என்று எனக்குள் ஊறிவிட்டது. பத்துக்கு உரிமை இருந்தும் ஒன்றோடு நிறுத்தியபோது, சரியாக நடந்துகொண்டேன் என்று எனக்கு ஒரு திருப்திகூட இருந்தது.

கொழும்பு அம்மாவின் பாராட்டைப் படித்ததும் களஞ்சியத்துக்குக் கைபேசியில் எடுத்தேன். அங்கே பொதி கட்டும் பெண்பிள்ளை ஒருத்தி எப்போதும் சிரித்துப் பேசுவாள். அன்றும் சிரித்துக்கொண்டுதான் சொன்னாள்.

“அக்கா, உங்கட நாலுக்கும் ஒரே நம்பர்தானே. அளவைக் கண்ணால பாப்பம். மத்தபடி மிசினில காட்டினா பச்சை லைட் வருது, நாங்க கட்டி அனுப்புற. உள்ளுக்க என்ன இரிக்கு எண்டு எங்களுக்கு எப்பிடித் தெரியும்?”

அவள் சொன்னதில் ஒரு பிழையும் இல்லை. கூனித்தூளை முதல் தடவையாக அங்கே கொடுத்து இரண்டு கிழமைதான் ஆகியிருந்தது. அந்த இரண்டு கிழமைக்குள் சாதாரணத் தூள் கேட்டவர்கள் எத்தனை பேர் என்று பார்த்துச் சொல்லச் சொன்னேன். ஆறு பேர். கொழும்பு அம்மாவைத் தவிர்த்தால் ஐந்து. பெயர்களை அவள் வாசித்துக்கொண்டு வர, ஐந்தாவதாக மண்டூர் என்றாள். அந்த ஊர்ப் பெயர் எனக்கு நினைவிருந்தது.

மண்டூர் ஆர்டரோடு ஒரு குறிப்பும் வந்திருந்தது. ‘மகளுக்கு இறால் ஒத்துக்கொள்ளாது. முகம் வீங்கி மூச்சு முட்டும். இதில் இறால் இல்லைத்தானே?’ அதற்குப் பதில் எழுதியது நான்தான். ‘இல்லை. பயப்படாதீங்க.’ எந்நேரமும் மற்றவர்கள் எனக்குச் சொல்லும் சொல்லை நான் இன்னொருத்திக்கு எழுதினேன் என்று அன்று சந்தோஷப்பட்டதும் ஞாபகம் வந்தது.

மற்ற நால்வருக்கும் எடுத்தேன். பொதியைத் திறந்து மணந்து பார்க்கச் சொன்னேன். நால்வருக்கும் சரியான தூள்தான் போயிருந்தது. மண்டூர்த் தொலைபேசி மட்டும் அடித்து அடித்து ஓய்ந்தது. செய்தி அனுப்பினேன். பார்த்த அடையாளமும் இல்லை. கட்டாரில் வேலை செய்யும் என் கணவருக்கு எடுத்தேன். அவர் சாப்பாட்டு இடைவேளையில் இருந்தார். “நீ எப்பவும் இப்பிடித்தானே. அதுகள் பாத்துத்தான் சமைக்குங்கள். பின்னேரமா ஒருக்கா எடுத்துப் பார்” என்றார். அவர் அப்படிச் சொல்வதற்கு நியாயம் இருந்தது. இல்லாத காய்ச்சலுக்கு மகளைத் தூக்கிக்கொண்டு எத்தனை தரம் ஆஸ்பத்திரிக்கு ஓடியிருக்கிறேன். இதுவும் அப்படியோ என்று வாசற்படியில் கொஞ்ச நேரம் நின்றேன். ஆனால் இந்த முறை பயம் என் தலைக்குள் மட்டும் இருக்கவில்லை. என் கையால் எழுதிய பதில் கைபேசியில் இருந்தது.

மச்சாள் முற்றத்தில் கூனி கழுவிக்கொண்டிருந்தாள். கொழும்புக் கதையைச் சொன்னதும் சிரித்தாள். “என்னகா, காசு குடுக்காமக் கூனி கிடைச்சா ஆருக்குக் கசக்கும்? அந்த மனிசி அஞ்சு நட்சத்திரமும் போட்டிரிக்கா. நீ ஒப்பாரி வைக்கிறாய்.” மண்டூர்க் குறிப்பை வாசித்துக் காட்டினேன். கையிலிருந்த தண்ணீரைச் சீலையில் துடைத்துக்கொண்டு எழுந்து, என் இடுப்பிலிருந்த மகளைக் கேட்காமலே வாங்கிக்கொண்டாள்.

“இந்தப் புள்ளய நான் பாப்பன். நீ போய் அந்தப் புள்ளயப் பாத்துட்டு வா.”

மகளை விட்டுவிட்டு நான் அவ்வளவு தூரம் போனது அதுதான் முதல் தடவை. களுவாஞ்சிக்குடிவரை பஸ், அங்கிருந்து குருமண்வெளித் துறைக்கு ஓட்டோ. மண்டூர் வாவிக்கு அக்கரையில். துறையில் ‘பாதை’ என்று நாங்கள் சொல்லும் மிதவைப் படகு அப்போதுதான் அங்கிருந்து வந்துகொண்டிருந்தது. மோட்டார் சைக்கிள்களும் உரப்பைகளும் சனமும் இறங்கி முடிய நேரம் பிடித்தது. ஏறி ஓரத்துக் கம்பியைப் பிடித்துக்கொண்டு மறுபடியும் எடுத்தேன். மணி போனது, யாரும் எடுக்கவில்லை.

தண்ணீரின் நடுவில் போகும்போது, வேறு ஒன்றும் செய்ய முடியாத பதற்றத்தில், எங்கள் இலக்கத்தை மனதுக்குள் கூட்டத் தொடங்கினேன். ஒற்றை இடங்கள், இரட்டை இடங்கள், மூன்றால் பெருக்கல். கடைசி இலக்கம் 5. சரியாக வந்தது. திரும்பவும் கூட்டினேன். திரும்பவும் சரியாக வந்தது. அதுதான் என்னை இன்னும் கலக்கியது. அந்தக் கடைசி 5 மற்றப் பன்னிரண்டு இலக்கங்களும் பிழைக்கவில்லை என்று சொல்லும். பொதிக்குள் எது கிடக்கிறது என்று அதற்குத் தெரியாது. அதைத் தெரிந்திருக்க வேண்டியவள் நான்.

கோயில் வீதியில் விசாரித்து வீட்டைக் கண்டுபிடித்தேன். வேலியோரம் ஐந்து வயது மதிக்கத்தக்க பெண்பிள்ளை ஒன்று கோழிக்குஞ்சுகளைத் துரத்திக்கொண்டு நின்றது. முகம் வீங்கவில்லை. நான் படலையைப் பிடித்துக்கொண்டேன். கொடியில் உடுப்புப் போட்டுக்கொண்டிருந்த தாய் திரும்பிப் பார்த்தாள். என் வயதுதான் இருக்கும். நான் யார் என்று சொன்னேன்.

“காலையில இருந்து அடிக்கிறது நீங்களா?”

“ஓம். அந்தத் தூள்… சமைச்சீங்களா?”

“சமைச்சிருந்தா நான் இஞ்ச நிண்டு உடுப்புக் காயப்போடுவனா? ஆஸ்பத்திரியில கிடந்திருப்பம்.”

உள்ளே போய், இரண்டு பைகளில் இறுக்கிக் கட்டிய எங்கள் பொதியைக் கொண்டுவந்தாள். மூலையில் ஒரு சிறு வெட்டு மட்டும் இருந்தது. வெட்டியவுடன் கூனி மணந்ததாம். எதையும் மணந்து பார்க்காமல் மகளுக்குக் கொடுப்பதில்லையாம். கோபத்தில் வேண்டுமென்றுதான் கைபேசியை எடுக்கவில்லை என்றும் மறைக்காமல் சொன்னாள். இன்னும் எத்தனை முறை அடிக்கிறார்கள் என்று பார்ப்போம் என்று இருந்தாளாம்.

“பயப்படாதீங்க எண்டு எழுதினது நீங்கதானே?”

“நான்தான்.”

“உங்களுக்குப் புள்ள இரிக்கா?”

“ஒண்டு. ஒண்டேகால் வயசு.”

அவள் ஒரு கதிரையை நிழலுக்கு இழுத்துப் போட்டு என்னை இருக்கச் சொன்னாள். தேத்தண்ணி தந்தாள். நடந்ததை முதலிலிருந்து சொன்னேன். நான்கு பொதிக்கு ஒரே இலக்கம் போட்டது, இயந்திரத்துக்கு நான்கும் ஒன்றாகத் தெரிந்தது, இனி ஒவ்வொன்றுக்கும் வேறுவேறு இலக்கம் எடுக்கப்போவது எல்லாவற்றையும் சொன்னேன். குறுக்கே பேசாமல் கேட்டாள்.

“எனக்கு நம்பர் கணக்கெல்லாம் தெரியா. ஒண்டு கேக்கிறன். ரெண்டு தூளையும் ஒரே மிசினிலயா அரைக்கிற?”

தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தேன். சந்தியிலுள்ள மில்லில் முதலில் சாதாரணத் தூளை அரைப்போம், அதன் பிறகு கூனித்தூளை. அந்த ஒழுங்கு போதும் என்று நாங்கள் நினைத்திருந்தோம். ஆனால் அடுத்த கிழமை சாதாரணத் தூளைக் கொட்டுவதும் அதே இயந்திரத்தில்தான். இல்லை என்று சொல்லியிருந்தால் அவளுக்குத் தெரியப்போவதில்லை.

“ஓம்” என்றேன்.

“அப்ப நம்பர மாத்தி என்ன?”

தூளுக்குப் பதில் வேறு தூள் தருகிறேன் என்று சொல்ல வாய் வரவில்லை. அவள் தந்த பொதியை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். படலையைத் தாண்டும்போது, வந்தது நல்லது என்று பின்னாலிருந்து சொன்னாள்.

பாதைக்குக் காத்திருந்தபோதே களஞ்சியத்துக்கு எடுத்து, எங்கள் பொதி ஒன்றையும் இனி அனுப்ப வேண்டாம், எல்லாவற்றையும் திருப்பி எடுத்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டேன். மச்சாளிடம் கேட்கவில்லை. கேட்டிருந்தால் என் மனம் மாறியிருக்கும்.

வீட்டுக்கு வந்து சொன்னபோது, மகள் பத்திரமாக அவள் தோளில் நித்திரையாக இருந்தாள். மச்சாளுக்குக் கோபம் வந்துவிட்டது. கோயில் திருவிழாக்கள் தொடங்கி, வீடுகளில் மீன் இறைச்சி சமைக்காத நேரத்தில்தான் சாதாரணத் தூள் கூடுதலாகப் போகும். அதற்கென்று வறுத்து மில்லில் அரைத்து வைத்ததெல்லாம் வீண்.

“ஒரு தூளுக்கு நீ பிறப்பு அத்தாட்சிப் பத்திரம் எடுக்கப் போறியாகா?”

“நாலு எடுக்கப் போறன்” என்றேன். “மில்லுக்கும் இனிப் போறல்ல. கூனி உங்கட வீட்டில, தனி மிசினில. மத்தது எங்கட வீட்டில. சட்டி, அரிதட்டு, கரண்டி எல்லாம் வேறவேற. நீங்க கூனி அரைச்ச உடுப்போட இஞ்ச வரவும் ஏலாது.”

“அப்ப நான் வாவியில குளிச்சுப்போட்டு ஈரச் சீலையோடதான் வரவேணும். சாமி கும்பிட வாற மாதிரி.”

சிரிக்காமல்தான் சொன்னாள். ஆனால் மறுநாள் காலையில் அவளே தன் வீட்டுக் குசினியின் ஒரு பக்கத்தைக் கழுவி ஒதுக்கிவிட்டாள். எங்களிடமிருந்த சிறிய அரைக்கும் இயந்திரத்தை அவளுக்குக் கொடுத்துவிட்டு, எனக்குப் புதிதாக ஒன்று வாங்கினேன். ஒரு தடவைக்கு ஒரு கிலோகூட அரைபடாது. மில்லில் அரை மணித்தியாலத்தில் முடிந்த வேலைக்கு இப்போது ஒரு முழுக் காலை போகும்.

அட்டவணையை மறுபடியும் எடுத்தேன். இரண்டாவது வரியில் எழுதப் போனபோது பேனை ஒரு கணம் நின்றது. இரண்டு அட்டை எடுத்த அந்த வீட்டாரின் முகங்கள் வந்து போயின. பிறகு எழுதினேன். சாதாரணம் நூறு கிராம், சாதாரணம் இருநூற்றைம்பது, கூனி நூறு, கூனி இருநூற்றைம்பது. ஒவ்வொன்றும் ஒரு வரி. முதல் இலக்கத்தை இனி எதற்கும் போடுவதில்லை என்று முடிவுசெய்தேன். அந்த இலக்கம் ஒட்டிய பொதி எங்காவது ஒரு வீட்டு அலுமாரியில் இன்னும் இருக்கலாம், அதற்குள் எது இருக்கிறது என்று என்னால் சொல்ல முடியாது. கடைசி இலக்கங்களைக் கொப்பியில் நானே கணக்குப் பார்த்தேன். பழையது 05 இல் முடிந்தது. புதியவை 12, 29, 36, 43 இல் முடிந்தன. வந்த கடிதத்தோடு ஒப்பிட்டேன். நான்கும் சரி.

புதிய லேபலை முதல் தடவை அச்சடித்தபோது இயந்திரத்துக்கு அதை வாசிக்க முடியவில்லை. அழகாக இருக்கட்டும் என்று மண்ணிறப் பொதியின் மேலேயே கோடுகளை நேரடியாக அடிக்கக் கொடுத்திருந்தேன். இயந்திரத்துக்குக் கோடு எது, பொதி எது என்று பிரித்துத் தெரியவில்லை. கோடுகளுக்கு இரு பக்கமும் வெள்ளை இடம் விட வேண்டும் என்பதையும் அச்சகக்காரர் இடம் காணாது என்று வெட்டிவிட்டார். திரும்ப அடித்தோம். வெள்ளைத் தாளில் கறுப்புக் கோடு, இரு பக்கமும் இடம். கூனித்தூளுக்குப் பொதியையே சிவப்பாக மாற்றி, ஓர் இறால் படத்தையும் பெரிதாகப் போட்டோம். இயந்திரம் பார்க்காததை ஒரு மனிதக் கண்ணாவது பார்க்கட்டும் என்றுதான்.

பொதிகளைக் களஞ்சியத்துக்குக் கொண்டுபோன அன்று மகளும் என்னோடு வந்தாள். அந்தப் பெண்பிள்ளையிடம் கேட்டு இயந்திரத்தை என் கையில் வாங்கினேன். ஒவ்வொன்றாகக் காட்டினேன். திரையில் நான்கு பெயர்கள் வேறுவேறாக வந்தன. பிறகு சாதாரணத் தூளுக்கு ஓர் ஆர்டர் போடச் சொல்லி, வேண்டுமென்றே கூனிப் பொதியை நீட்டினேன். சிவப்பு லைட் வந்து ஒரு சத்தம் கேட்டது. திரும்பச் செய்தேன். மகளுக்கு அந்தச் சத்தம் பிடித்துவிட்டது, கை தட்டினாள். மூன்றாம் தடவையும் செய்தேன்.

“அக்கா, போதும். மிசின் அழப்போகுது” என்றாள் அந்தப் பிள்ளை.

மண்டூர்த் தாய்க்கு ஒரே ஒரு செய்தி அனுப்பினேன். இரண்டு தூளும் இப்போது இரண்டு வீட்டில், இரண்டு இயந்திரத்தில் அரைபடுகின்றன என்று. வாங்கச் சொல்லிக் கேட்கவில்லை. பார்த்த அடையாளம் வந்தது, பதில் வரவில்லை. திருவிழாக்காலம் போனது. மச்சாள் சொன்னபடி அந்த வருடம் எங்களுக்கு வியாபாரம் குறைவுதான். நான் எடுத்த முடிவு கூடிப்போயிற்றோ என்று புதிய இயந்திரத்தின் முன்னால் இருந்து அரைத்த காலைகளில் நினைத்திருக்கிறேன். நினைத்துக்கொண்டே அரைத்தேன்.

மாரி மழை தொடங்கிய கிழமையில் மண்டூரிலிருந்து ஓர் ஆர்டர் வந்தது. சாதாரணத் தூள், நூறு கிராம், ஒன்று. குறிப்பும் இருந்தது. ‘மகளுக்கு இறால் ஒத்துக்கொள்ளாது.’ இந்த முறை கேள்வி எதுவும் கேட்கவில்லை.

பதில் எழுத இருந்தேன். ‘பயப்’ என்று விரல் தானாகத் தட்டியது. அழித்தேன். ‘உங்கட பொதி இலக்கம் 12 இல் முடியும். அப்படி இல்லாவிட்டால் திறக்காதீங்க, எனக்கு எடுங்க. சரியாக இருந்தாலும் மணந்து பாருங்க’ என்று எழுதினேன். அனுப்பும் முன் கொப்பியைத் திறந்து 12 தானா என்று ஒரு தரம் பார்த்தேன். பிறகு அனுப்பினேன்.

கொஞ்ச நேரத்தில் பதில் வந்தது. ‘மணந்துதான் குடுப்பன். உங்களுக்கு எடுக்க வேண்டி வந்தா எடுப்பன். நீங்களும் எனக்கு எடுங்க.’